பினாங்கு ஜார்ஜ்டவுன் பழைய நகரில் புதுக் கடை கட்டப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். லிட்டில் இந்தியாவில் ஒரு தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால், கிளாஸ் காலியாவதற்குள் யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, அந்தக் காலி மனையில கடை எழுப்பலாம்னு பாக்கிறேன்" என்று ஆரம்பித்துவிடுவார். துணிக்கடைக்காரர், மளிகைக்காரர், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அக்கா என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் மனை ஜார்ஜ்டவுனுக்குள் இருக்கிறது. ஊர் முழுக்க ஒரே சட்டம்தானா?

இல்லை. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஜார்ஜ்டவுனில் அதற்கு இரண்டு வட்டங்கள் உண்டு. உள்ளே மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சுற்றிக் காப்புப் பகுதி 150.04 ஹெக்டர். லெபோ (தெரு) பாசார், லெபோ பினாங்கு, லெபோ குவின், லெபோ கிங் எல்லாம் மையப் பகுதிக்குள் வருகின்றன. எதைக் கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்பதைச் சொல்லும் சிறப்புப் பகுதித் திட்டம் 2016 செப்டம்பரில் அரசிதழில் வந்தது. அதற்குப் பிறகு "எனக்குத் தெரியாது" என்று மாநகர் மன்றத்தில் சொல்ல முடியாது.

அந்தத் திட்டம் ஒவ்வொரு மனைக்கும் ஒரு முத்திரை குத்தியிருக்கிறது. முதல் வகை நினைவுச்சின்னம் போன்றது. இரண்டாம் வகைதான் நம் தெருக்களில் அதிகம் பார்க்கிற, கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடு. இந்த இரண்டையும் இடித்துப் புதுசு கட்டுகிற பேச்சே கிடையாது, பழுது பார்க்கலாம், பொருத்தமாக மாற்றலாம். மூன்றாவது "இன்ஃபில்": காலியாகக் கிடக்கும் இடம், அல்லது தற்காலிகக் கொட்டகை நிற்கும் இடம். நான்காவது "ரீபிளேஸ்மெண்ட்": கட்டடம் இருக்கிறது, ஆனால் அதற்குப் பாரம்பரிய மதிப்பு இல்லை, இடித்துவிட்டு வேறு கட்டலாம். புதுக் கட்டடம் என்று இங்கே நான் பேசுவதெல்லாம் கடைசி இரண்டைப் பற்றித்தான். உங்கள் மனை எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தரகர் வாயில் எல்லா மனையும் காலி மனைதான்.

கொம்தார் கோபுரம் 65 மாடி நிற்கிறது. எனக்கு மட்டும் ஏன் 18 மீட்டர் உயர வரம்பு?

இதைக் கேட்காத ஆள் இல்லை. கொம்தார் வேலை 1974இல் தொடங்கியது, பாரம்பரியப் பட்டியல் வருவதற்கு 34 வருஷம் முன்பு. பழைய கடைவீட்டு வரிசைகளை வழித்தெடுத்துவிட்டுத்தான் அதற்கு இடம் உண்டாக்கினார்கள். அந்தத் தப்பைக் காட்டி இன்னொரு தப்புக்கு அனுமதி கேட்க முடியாது.

18 மீட்டரைத் தாண்டலாம் என்று நினைத்தவர்கள் ஏற்கெனவே பாடம் படித்தாயிற்று. பட்டியலில் ஏறிய கொஞ்ச மாதத்திலேயே, அதைவிட உயரமாக நான்கு ஹோட்டல் திட்டங்கள் இருப்பது வெளியே வந்து பெரிய விவகாரமானது. 2009இல் யுனெஸ்கோ தரப்பிலிருந்து ஆய்வுக் குழுவே வந்து பார்த்தது. அன்றிலிருந்து உயரம் என்ற சொல்லைக் கேட்டாலே அதிகாரிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சரி, 18 மீட்டர் வரை கட்டலாம் அல்லவா? ஐந்து மாடி வருமே?

18 மீட்டர் உச்சவரம்பு. அவ்வளவையும் வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உங்கள் மனைக்கு இரு பக்கமும் இரண்டு மாடிக் கடைவீடு நின்றால் அவற்றின் உயரத்தோடு ஒத்துப்போகச் சொல்வார்கள். பந்தியில் எல்லாரும் தரையில் இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் நடுவே நாற்காலி போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். கூடுதல் மாடி வேண்டுமென்றால் தெருவை விட்டுப் பின்னால் தள்ளி, எதிர் அஞ்சடியில் (கடைக்கு முன்னால் இருக்கும் மூடிய நடைபாதையில்) நிற்பவர் கண்ணுக்குப் படாதபடி எழுப்பமுடியுமா என்று பாருங்கள். கடைவீட்டு மனை நீளமானது, பின்னால் இடம் இருக்கும்.

பழைய கடைவீடு மாதிரியே வரைந்தால் சீக்கிரம் பாஸ் ஆகுமா?

ஆகாது, ஆகவும் கூடாது என்பது என் கட்சி.

பத்துப் பேரில் ஒன்பது பேர் என்னிடம் கேட்பது இதைத்தான்: பூ வேலை, தூண் தலையில் இலைக்கொத்து, வளைவு ஜன்னல், மேலே கலசம். "பழசு மாதிரி இருந்தா அவங்களுக்குப் பிடிக்கும்." எந்தப் பழசு என்று நான் திருப்பிக் கேட்பேன். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கடைவீடு குட்டையானது, மேல்மாடியில் மரக்கதவு வரிசை தவிர அலங்காரமே இருக்காது. பூ வேலையும் வண்ண ஓடும் அள்ளித் தெளித்தது 1900க்குப் பிறகு, ரப்பரிலும் வெள்ளீயத்திலும் பணம் கொழித்த நாளில். 1930களில் ஆர்ட் டெக்கோ வந்தது, கோடும் கட்டமும் கொடிக்கம்பமும் போதும் என்றது. போருக்குப் பிறகு வெறும் சிமெண்டுச் சட்டமும் காற்றுவிடும் கற்களும். இவை எல்லாமே ஒரே தெருவில் தோளோடு தோள் நிற்கின்றன, ஒன்றோடு ஒன்று சண்டை போடவில்லை. ஏனென்றால் ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் புதுசாகத்தான் கட்டப்பட்டது. 1930இல் கட்டியவர் 1830ஐப் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை.

1964இன் வெனிஸ் சாசனம் என்று ஒன்று இருக்கிறது. பழைய சின்னத்தோடு புதிதாகச் சேர்க்கும் வேலை வேறாகத் தெரியவேண்டும், தன் காலத்தின் அடையாளத்தைத் தாங்கவேண்டும் என்பது அதன் வாதம். பழுதுபார்ப்புக்கு எழுதியது என்றாலும் புதுக் கட்டடத்துக்கும் இதே நேர்மை பொருந்தும். ஃபைபரில் அச்சு வார்த்து ஒட்டிய இலைக்கொத்தைத் தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வரும். பக்கத்தில் நிற்கும் அசலும் போலியோ என்று சுற்றுப்பயணி சந்தேகப்படுவதுதான் அதில் கிடைக்கிற பலன்.

அலங்காரம் வேண்டாம் என்றால் தெருவோடு பொருந்துவது எதால்?

அளவால். லெபோ பாசாரில் நடுரோட்டில் நின்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பூ வேலையும் நிறமும் மங்கிவிடும். மிஞ்சுவது ஒரு தாளம்: ஐந்து, ஆறு மீட்டருக்கு ஒரு தூண், தூணுக்குத் தூண் ஒரு நிழல், மேலே ஜன்னல் வரிசை, அதற்கு மேலே கூரை விளிம்பு. அந்த ஐந்தாறு மீட்டர் யாரோ அழகுக்குச் சொன்ன அளவில்லை. சுவருக்குச் சுவர் போடும் மர உத்தரத்தின் நீளம் அவ்வளவுதான். மரம் வைத்த தாளத்தை இரும்பும் கான்கிரீட்டும் தொடர முடியும், தொடரவேண்டும்.

ஜன்னல்கள் அகலத்தைவிட உயரம் கூடியவை. சுவரின் முகத்தோடு ஒட்டாமல் உள்ளே தள்ளி இருப்பதால் அவற்றுக்கு நிழல் விழுகிறது. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கிடைக்கோடு உண்டு, அது பக்கத்துக் கட்டடத்தின் கோட்டோடு ஏறக்குறைய சேரும். இந்த மூன்றையும் பிடித்துவிட்டால் நீங்கள் வெறும் செங்கல், சாம்பல் கான்கிரீட், மரப்பலகை, எதில் கட்டினாலும் தெரு உங்களை ஏற்றுக்கொள்ளும். பிடிக்காவிட்டால் எத்தனை கலசம் வைத்தாலும் ஒட்டாது.

இதைச் சோதிக்க எனக்கு ஒரு பழக்கம். உங்கள் முகப்பை மட்டும் வரையச் சொல்லாதீர்கள். இடப்பக்கம் மூன்று கடை, வலப்பக்கம் மூன்று கடை சேர்த்து ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். அதைத் தர மறுக்கிற ஆர்க்கிடெக்ட்டிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அஞ்சடி என் மனைக்குள்தானே வருகிறது? அதையும் கடையாக்கினால் என்ன?

அஞ்சடி உங்கள் பத்திரத்தில் இருக்கலாம், ஆனால் நடக்கிற உரிமை எல்லாருக்கும். 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில் கடைவீட்டுக்கு முன்னால் தொடர்ச்சியான, மூடிய நடைபாதை வேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் இந்த மலாக்கா நீரிணை ஊர்கள் எல்லாவற்றிலும் பரவியது. மலாயில் காக்கி லீமா, நமக்கு அஞ்சடி. பேர்தான் ஐந்து அடி, பல இடத்தில் அதைவிட அகலம். பினாங்கு மழைக்கும் மத்தியான வெயிலுக்கும் இதைவிட நல்ல கண்டுபிடிப்பு இதுவரை வரவில்லை.

புதுக் கட்டடத்தில் எனக்கு முதல் கேள்வி இதுதான், முகப்பு அப்புறம். பக்கத்துக் கடையின் அஞ்சடியிலிருந்து உங்களுடையதற்கு ஒரு பாட்டி படியே ஏறாமல் வந்து சேருவாரா?

என் தப்பையே சொல்கிறேன். ஆரம்ப நாளில் ஒரு சின்ன மனைக்குப் பிளான் போட்டேன். வெள்ளம் வரும் தெரு, அதனால் கடைத் தரையை உயர்த்தினேன். அது சரி. அஞ்சடியையும் சேர்த்து உயர்த்தியதுதான் முட்டாள்தனம். இரண்டு பக்கமும் ஒன்றரைச் சாண் படி வந்தது. திறப்பு விழா அன்றைக்கே ஒரு அம்மா பூத்தட்டோடு தடுக்கி விழுந்தார். முழங்காலில் ரத்தம், தரையெல்லாம் மல்லிகை. இப்போது நான் செய்வது வேறு: அஞ்சடி பக்கத்து மட்டத்திலேயே போகட்டும், உயரத்தைக் கடை வாசலுக்கு உள்ளே சரிவாக எடுத்துக்கொள்கிறேன். கடைக்குள் கொஞ்சம் இடம் போகும், போகட்டும்.

கூரை உயரமும் அப்படித்தான். அஞ்சடிக் கூரையைத் தாழ்த்தி மேலே ஒரு அறை திருடப் பார்ப்பார்கள். பக்கத்துக் கடையிலிருந்து நடந்து வருகிறவருக்கு அது குகைக்குள் நுழைவது போல இருக்கும்.

மூன்று மனையைச் சேர்த்து ஒரே பெரிய துணிக்கடை கட்டலாமா?

உள்ளே சேருங்கள். வெளியே மூன்றாகவே தெரியட்டும். பதினெட்டு மீட்டர் நீளக் கண்ணாடி அந்தத் தாளத்தில் ஒரு பல் விழுந்த இடம்.

பகலெல்லாம் ஏர்கோன் ஓடும் கடை. அந்தப் பெட்டிகளை எங்கே வைப்பது?

முன்பக்கம் கூடாது, அஞ்சடிக்குள் கூடவே கூடாது, நடக்கிறவர் முகத்தில் சூடு அடிக்கும். பின்சந்து உண்டு, உள்முற்றம் உண்டு. பழைய கடைவீட்டின் நடுவில் திறந்த முற்றம் விட்டது சும்மா இல்லை. இருபது, முப்பது மீட்டர் ஆழமான வீட்டின் நடுவே வெளிச்சம் இறங்க, சூடு மேலே ஏற, மழைத்தண்ணீர் விழ அது ஒன்றுதான் வழி. காரைக்குடி வீட்டு முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். புதுக் கட்டடத்திலும் ஒரு முற்றம் விட்டால் மின்கட்டணம் குறையும். "சதுர அடி வீணாகுதே" என்பார்கள். மாதாமாதம் பில் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

கூரைக்கு ஓடுதான் போடவேண்டுமா?

தெருப்பக்கம் சரிவுக் கூரையாக இருப்பது நல்லது. தண்ணீர்த் தொட்டியை அதன் பின்னால் ஒளித்துவையுங்கள். இந்த ஊரின் கூரைகளை மேலிருந்து பார்க்கிறவர்கள் நிறைய, கொம்தார் ஏறினால் அத்தனையும் காலடியில்.

பக்கத்துக் கடைவீட்டுச் சுவர் என் வேலையில் விரிசல் விட்டால்?

பணம் கரைவது பெரும்பாலும் இங்கேதான். முகப்பு நிறத்துக்கு மூன்று மாதம் சண்டை போடுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு மூன்று நிமிஷம் ஒதுக்குவதில்லை.

பழைய கடைவீடுகள் தனித்தனியாக நிற்பவை அல்ல, இரண்டு வீட்டுக்கு ஒரு பொதுச்சுவர். அந்தச் சுவர் சுட்ட செங்கலும் சுண்ணாம்புக் காரையும். அஸ்திவாரம் ஆழமில்லை. கடற்கரைப் பக்கம் இன்னும் மோசம். லெபோ பந்தாய் ஒரு காலத்தில் பேருக்கேற்றபடி கடலை ஒட்டித்தான் இருந்தது. அதற்கு அப்பால் இருப்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். தோண்டினால் சீக்கிரமே தண்ணீர். அந்தத் தண்ணீரை இறைத்தால் சுற்றியுள்ள மண் அமுங்கும். பக்கத்துக் கட்டடம் பாக்காவ் என்ற அலையாத்தி மரக்கழிமேல் நின்றால் கதை இன்னும் கெடும். தண்ணீருக்குள் முழுகி இருக்கும்வரை அந்த மரம் அழுகாது, நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் அழுகத் தொடங்கும்.

அதனால் அஸ்திவாரத் தூணை அடித்து இறக்கும் பைலிங்கை மறந்துவிடுங்கள். துளையிட்டு இறக்கும் மைக்ரோ பைல், அல்லது அழுத்தி இறக்கும் வகை, எது என்று உங்கள் இன்ஜினியர் மண் பரிசோதனையைப் பார்த்துச் சொல்லட்டும். வேலை தொடங்குமுன் இரு பக்கத்து வீட்டையும் உள்ளும் புறமும் படம் எடுத்து, இருக்கிற விரிசலுக்கெல்லாம் தேதி போட்டு, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு வரும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று. பொதுச்சுவரின் உங்கள் பக்கத்தைச் சிமெண்டால் பூசாதீர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போகிறது. ஒரு பக்கம் சிமெண்டு அடைத்தால் அது மறுபக்கம் தேடும், அங்கே அடுத்த வீட்டுக்காரர் சாமி படம் மாட்டியிருப்பார். சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் மூச்சுவிடும் பெயிண்ட். கொத்தனார் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். ஒண்ணு இல்லை.

கோயிலுக்கோ மசூதிக்கோ பக்கத்தில் மனை இருந்தால்?

லெபோ குவினில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. தமிழ்நாட்டுக் கணக்கில் அதன் கோபுரம் சின்னது. சுற்றியுள்ள கடைகள் தாழ்ந்து நிற்பதால்தான் அது கோபுரமாகத் தெரிகிறது. கப்பித்தான் கிளிங் மசூதியின் மினாராவுக்கும் லெபோ சூலியாவில் இருக்கும் நாகூர் தர்காவுக்கும் இதே நிலைமை. ஆகவே முகப்பை மட்டும் காட்டிப் பயனில்லை. தெருவின் இரு முனையிலிருந்தும் உங்கள் கட்டடத்தோடு கோபுரம் எப்படித் தெரியும் என்று படம் போட்டுக் காட்டவேண்டியிருக்கும். கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

நம்மவர்களே மறக்கிற ஒன்று: தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபோ பினாங்கிலிருக்கும் கோயில் வீட்டிலிருந்து நகரத்தார் வெள்ளி ரதம் புறப்படுகிறது. ரதம் வரும் தெருவில் துருத்திக்கொண்டு நிற்கும் பால்கனி, நிழல்தட்டு, செங்குத்துப் பெயர்ப்பலகை எதுவும் வைக்காதீர்கள். தேங்காய் உடைக்கக் கடைக்கு முன்னால் இடம் வேண்டும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

நிறம், பெயர்ப்பலகை?

அஞ்சடி வளைவுக்கு மேலே, இரண்டு தூணுக்கு நடுவே கிடக்கும் பட்டையான இடம் பலகைக்கென்றே விட்டது. அதற்குள் அடங்குங்கள். முகப்பு முழுவதையும் விளம்பரத் தகரத்தால் மூடினால் கீழே நீங்கள் எதைக் கட்டியும் பலனில்லை. மலாய் எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும், அது மன்றத்தின் விதி. தமிழும் போடுங்கள். நல்ல எழுத்துக்காரரைப் பிடித்து எழுதுங்கள், கம்ப்யூட்டரில் கிடைத்த எழுத்துருவைக் குண்டாக்கி ஒட்டாதீர்கள். நிறத்தைப் பற்றி ஒரே வார்த்தை: கம்பெனி நிறம் பலகைக்கு, சுவருக்கு வேண்டாம்.

எங்கே தொடங்குவது?

வரைபடம் வருவதற்கு முன்பே மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவில் போய்ப் பேசுங்கள். மையப் பகுதி என்றால் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனமும் கருத்துச் சொல்லும். பிறகு திட்டமிடல் அனுமதி, அது கிடைத்த பின் கட்டட வரைபட அனுமதி, தீயணைப்புத் துறை, கடைசியில் பணி நிறைவு, இணக்கச் சான்று. பெரிய மனை, அல்லது முக்கியமான சின்னத்துக்குப் பக்கம் என்றால் பாரம்பரியத் தாக்க மதிப்பீடும் கேட்கலாம். முதல் சந்திப்புக்கு முழு வரைபடம் கொண்டுபோகாதீர்கள். பென்சில் கோட்டைத் திருத்தச் சொன்னால் மனசு வலிக்காது.

அனுமதி வரும்வரை பழைய சுவரை உடைத்துவைக்கலாமா?

கை வைக்காதீர்கள்.

கோலாலம்பூரில் என் அண்ணனுக்கும் ஒரு கடை இருக்கிறது. அங்கும் இதேதானா?

இல்லை. கோலாலம்பூர் பழைய நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இல்லை, அங்கே திட்டமிடலுக்கே தனிச் சட்டம், 1982ஆம் ஆண்டின் 267ஆம் சட்டம். லெபோ அம்பாங்கில் செட்டியார் கடை வரிசைக்குப் பின்னால் வானத்தை முட்டும் கோபுரங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் அங்கே உள்ள ஆர்க்கிடெக்ட்டைக் கேட்கட்டும். ஆனால் அஞ்சடி, தாளம், சுண்ணாம்பு பற்றி மேலே சொன்னதெல்லாம் அங்கேயும் செல்லும்.

அழகாகக் கட்டினால் வாடகை ஏறும். நம் சின்ன வியாபாரிகள் எங்கே போவார்கள்?

இதைக் கேட்டவர் பூ கட்டி விற்கும் ஒரு அக்கா. மனை இருப்பவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை.

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுப் பிறப்போடு முடிந்தது. அதன் பிறகு இந்தத் தெருக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வெளியேறினார்கள். எட்டு வருஷம் கழித்து யுனெஸ்கோ பேர் வந்தது, கஃபேயும் சின்னச் சின்ன ஹோட்டலும் வந்தன. வரைபடம் போடுகிறவன் வாடகையை இறக்க முடியாது. ஆனால் கடை எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பது என் பென்சிலில் இருக்கிறது. பழைய கடைவீட்டில் அஞ்சடித் தூணோரம் ஒரு வெற்றிலைப் பெட்டி, மாடிப்படிக்குக் கீழே ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர், வாசல் ஓரம் பூ. ஒரே கூரையில் நாலு பிழைப்பு. புதுக் கட்டடங்களில் தரைத்தளம் முழுவதும் ஒரே வாடகைக்காரருக்கு என்று வரைந்துவிடுகிறோம், அதற்கு எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த அக்கா கேட்ட சமயம் ஒரு பிளான் என் மேசையில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே நாலடி அகலத்தில் ஒரு மூலையை மின்மீட்டருக்கு ஒதுக்கியிருந்தேன். மீட்டரைப் பின்சந்துப் பக்கம் மாற்றிவிட்டு, அந்த மூலைக்குத் தெருவைப் பார்த்த ஒரு மடக்குக் கதவும், ஒரு குழாயும், ஒரு விளக்கும் போட்டேன். மனைக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மறுபடி பேசுகிறோம்.